வெங்காயக் கண்ணீர் எங்கே பிறக்கிறது?

மூளையின் அடித்தண்டுக்கு வரைபடம் போட்ட கதை

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன ஊர்.

அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போனால், மர நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக் கொண்டு இருப்பார்கள். கை வேலை செய்யும். வாய் ஊர்க் கதை பேசும். கண் மட்டும் அழும்!

துக்கம் ஒன்றும் இல்லை. மாமியாரோடு சண்டையும் இல்லை. பிறகு ஏன் இந்தக் கண்ணீர்?

வெங்காயத்தை வெட்டியதும் அதில் இருந்து ஒரு வாயு கிளம்புகிறது. அது கண்ணின் ஈரத்தில் கரைகிறது. கண் எரிகிறது. கண்ணில் உள்ள மெல்லிய நரம்புகள், "ஆபத்து!" என்று சேதி அனுப்புகின்றன.

சேதி எங்கே போகிறது? நாம் நினைக்கிறோமே, கணக்குப் போடுகிறோமே, அந்தப் பெரிய மூளைக்கு முதலில் போவது இல்லை. அதற்கு அடியில் உள்ள ஒரு தண்டுக்குப் போகிறது. "தண்ணீரைக் கொட்டு! கண்ணைக் கழுவு!" என்ற உத்தரவு அங்கே இருந்துதான் வருகிறது.

வெங்காயம் அறுக்கும் பெண் தானாக முடிவு செய்து அழவில்லை. அவளுடைய மூளைத் தண்டு முடிவு செய்து விட்டது!

காளானும் காம்பும்

மழைக் காலத்தில் முளைக்கும் காளானைப் பார்த்து இருப்பீர்கள். மேலே குடை. கீழே காம்பு. மனித மூளையும் ஏறக்குறைய அப்படித்தான். குடை போல விரிந்து இருப்பது பெரு மூளை. காம்பு போலக் கீழே இறங்குவது மூளைத் தண்டு.

அதன் நீளம் சுமார் 3 அங்குலம்தான். நடு மூளை, பாலம், முகுளம் என்று அதற்கு மூன்று பகுதிகள். முகுளத்துக்குக் கீழே தண்டுவடம் தொடங்கி முதுகுக்குள் இறங்குகிறது.

இந்தச் சின்னத் தண்டு செய்கிற வேலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். மூச்சு விடுவது, இதயத் துடிப்பைக் கூட்டுவது குறைப்பது, சோற்றை விழுங்குவது, இருமுவது, தும்முவது, வாந்தி எடுப்பது, தூங்குவது, விழிப்பது... எல்லாவற்றுக்கும் இங்கே பொறுப்பு உண்டு.

பெரு மூளையில் பலத்த அடிபட்டுப் பேச்சை இழந்தவர்கள்கூட உயிரோடு இருப்பது உண்டு. தண்டு செத்தால் பிழைப்பு இல்லை. இந்தியாவில் 1994-ம் ஆண்டில் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத் தண்டின் சாவை மனிதனின் சாவாகவே ஏற்றுக் கொண்டு இருக்கிறது.

இத்தனை வேலைக்காரர்கள் 3 அங்குல இடத்தில் நெருக்கி அடித்துக் கொண்டு இருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக் கொள்கிறார்கள்?

தெருவில் தண்டோரா

நரம்பு அணுக்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றன.

ஒன்று டெலிபோன் மாதிரி. ஓர் அணு, பக்கத்து அணுவின் காதில் மட்டும் சொல்லும். கண் இமைக்கும் நேரத்துக்குள் பேச்சு முடிந்து விடும்.

இன்னொன்று தண்டோரா மாதிரி. தெருவில் ஒருவன் பறை அடித்துக் கொண்டு போகிறான். சத்தம் பல வீடுகளுக்குக் கேட்கிறது. சேதி மெதுவாகப் பரவும். நெடு நேரம் நிற்கும். இந்தத் தண்டோராச் சேதிகளைச் சுமந்து செல்கிற பொருள்களுக்கு "நியூரோபெப்டைடு" என்று பெயர். சுருக்கமாகப் பெப்டைடு என்று சொல்லலாம்.

பாசி மணி கோத்தது போல, அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளை வரிசையாகக் கோத்தால் ஒரு பெப்டைடு. சிலவற்றில் ஐந்தே மணிகள். சிலவற்றில் முப்பது, நாற்பது. மூளையில் இப்படி 100-க்கு மேற்பட்ட பெப்டைடுகள் இருப்பது தெரிந்து இருக்கிறது.

தண்டோராச் சத்தம் எல்லோருக்கும் கேட்டு விடாது. அந்தச் சேதிக்கு என்று "காது" வைத்து இருக்கிற அணுவுக்குத்தான் கேட்கும். காது இல்லாத அணு சும்மா இருக்கும்.

ஆகவே மூளைத் தண்டைப் புரிந்து கொள்ள இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எந்தப் பெப்டைடு எங்கே இருக்கிறது? அதன் காது எங்கே இருக்கிறது?

குதிரையும் பன்றியும்

முதல் பெப்டைடு கிடைத்தது 1931-ம் ஆண்டில்.

லண்டனில் ஜான் காடம், உல்ஃப் வான் ஆய்லர் என்ற இருவர் ஆராய்ச்சி செய்து கொண்டு இருந்தார்கள். ஆய்லர் சுவீடன் நாட்டு வாலிபர். வயது 26. குதிரையின் மூளையில் இருந்தும் குடலில் இருந்தும் ஒரு சாரத்தை எடுத்தார்கள். அதைக் கொடுத்தால் குடல் சுருங்கியது. ரத்த அழுத்தம் இறங்கியது.

அது என்ன பொருள்? அவர்களுக்குத் தெரியவில்லை. பொடியாகச் சேர்த்து வைத்து, அதற்குப் "பி பொருள்" என்று பெயர் எழுதினார்கள். வேறு பெயர் அகப்படாததால் அதுவே நிலைத்து விட்டது!

அந்தப் பொடியில் எத்தனை மணிகள் கோத்து இருக்கின்றன என்று தெரிய 40 ஆண்டு ஆயிற்று. 1971-ம் ஆண்டில் அமெரிக்காவில் சூசன் லீமன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு அதை எண்ணிச் சொல்லியது. 11 மணிகள். அவர் தேடிக் கொண்டு இருந்ததோ வேறு ஒரு பொருளை. வழியில் இது அகப்பட்டது.

வெங்காய எரிச்சலைக் கண்ணில் இருந்து மூளைத் தண்டுக்குக் கொண்டு போகிற மெல்லிய நரம்புகளில் இந்தப் பி பொருள் இருக்கிறது. அந்த நரம்புகள் வந்து இறங்குகிற இடத்தில் அது மண்டிக் கிடக்கிறது.

அடுத்த கதை இன்னும் விந்தையானது.

அபின் வலியைப் போக்கும் என்பது பழங்காலத்தில் இருந்தே மனிதனுக்குத் தெரியும். 1973-ம் ஆண்டில், மூளையில் அபினுக்கு என்றே ஒரு காது இருக்கிறது என்று அமெரிக்காவில் கண்டு பிடித்தார்கள். கசகசாச் செடியின் பாலுக்கு மனித மூளையில் காது எதற்கு? மூளையே சொந்தமாக ஓர் அபின் தயாரிக்கிறதோ?

ஸ்காட்லாந்து நாட்டில் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ் என்பவர் இதைத் தேடினார். விடியற்காலையில் சைக்கிளில் ஏறிக் கசாப்புக் கூடத்துக்குப் போவார். பன்றி மூளைகளை வாங்கி வருவார். அவரும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் என்ற பெரியவரும் அரைத்து, வடிகட்டி, 1975-ம் ஆண்டில் அந்தப் பொருளைப் பிடித்தார்கள். ஐந்தே மணிகள் கோத்த பெப்டைடு! "என்கெபலின்" என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில், தலைக்குள் இருப்பது என்று பொருள்.

வலியைச் சொல்ல ஒரு பொருள். வலியை அடக்க ஒரு பொருள். இரண்டும் ஒரே தண்டுக்குள்!

அரியலூர்ச் சுரங்கம் போல

பொருள் இருப்பது தெரிந்து விட்டது. எந்த மூலையில் இருக்கிறது என்பதை எப்படிப் பார்ப்பது? மூளையை அரைத்துச் சாறு எடுத்தால் பொருள் கிடைக்கும். இடம் தெரியாதே!

அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டும் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை எளிதில் புரியும். சுரங்கத்தின் பக்கச் சுவரில் பாறை அடுக்கு அடுக்காகத் தெரியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் அந்த அந்தக் காலத்துக் கிளிஞ்சலும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கின்றன. எந்த அடுக்கில் எந்தச் சிப்பி என்று குறித்துக் குறித்துத்தான் நில ஆராய்ச்சிக்காரர்கள் அந்தப் பகுதிக்கு வரைபடம் போட்டார்கள். ஓர் அடுக்குக்கு உலக நூல்களில் "அரியலூர்" என்றே பெயர்.

மூளைத் தண்டிலும் அதே வேலைதான். அடுக்கு அடுக்காக வெட்ட வேண்டும். ஆனால் ஓர் அடுக்கின் கனம் தலைமயிர் அளவுதான்!

ஒருவர் இறந்ததும், குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, சில மணி நேரத்துக்குள் மூளையை எடுக்கிறார்கள். தாமதித்தால் பெப்டைடுகள் சிதைந்து விடும். பார்மலின் மருந்தில் ஊற வைக்கிறார்கள். பிறகு சர்க்கரைத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். உறைய வைக்கும்போது பனிக் கட்டிகள் உண்டாகி அணுக்களைக் கிழித்து விடாமல் இருக்கவே இந்தச் சர்க்கரைப் பாகு. அதன் பிறகு உறைந்த தண்டைக் கூர்மையான கத்தி வைத்த இயந்திரம் சீவித் தள்ளுகிறது.

இனி, பெப்டைடைக் கண்டு பிடிக்க ஒரு வேவுகாரன் வேண்டும். அவனைத் தயாரிப்பது முயல்! முயலின் உடம்பில் பி பொருளை ஊசி போட்டால், அந்நியப் பொருள் வந்து விட்டது என்று அதன் ரத்தம் ஓர் எதிர்ப் பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப் பொருள் பி பொருளைத் தேடிப் பிடித்து ஒட்டிக் கொள்ளும். அதோடு சாயத்தைச் சேர்த்து மூளைச் சீவல் மேல் விட்டால், பி பொருள் உள்ள இடம் மட்டும் நிறம் காட்டும். எதிர்ப் பொருளில் ஒளிரும் சாயம் ஏற்றும் வித்தையை 1941-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஆல்பர்ட் கூன்ஸ் தொடங்கி வைத்தார். 1970-களில் சுவீடனின் தாமஸ் ஹோக்ஃபெல்ட் அதை வைத்து எலி மூளையில் பெப்டைடு வரைபடங்கள் போட்டார்.

மனிதனுக்கு?

எலி மூளை கேட்டபோது கிடைக்கும். மனித மூளை அப்படிக் கிடைக்காது. ஸ்பெயின் நாட்டில் சலமான்கா நகரத்துப் பல்கலைக் கழகத்தில் ரஃபேல் கோவேனாஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் பொறுமையாக இந்த வேலையைச் செய்தார்கள். ஒரு சீவலுக்கு ஒரு பெப்டைடு. அடுத்த சீவலுக்கு அடுத்த பெப்டைடு. நுண்பெருக்கியில் பார்த்துப் பார்த்து, நரம்பு இழை உள்ள இடம் எது, அணு உள்ள இடம் எது, அடர்த்தி எவ்வளவு என்று படத்தில் குறித்தார்கள். எலியில் கண்டது எல்லாம் மனிதனிடம் அப்படியே இருக்கவில்லை. ஒரு பெப்டைடு எலியில் அடர்ந்து இருக்கும் இடத்தில் மனிதனிடம் அருகி இருப்பதும் உண்டு. எலியைப் பார்த்து மனிதனுக்கு மருந்து செய்தால் ஏன் சில சமயம் கால் வழுக்குகிறது என்பது இதில் இருந்து விளங்கும்.

எல்லைக் கோடு போடுவதில் சண்டையும் வருவது உண்டு. ஒருவர் ஒரே பகுதி என்பார். மற்றவர் இரண்டு என்பார். இதற்கு மூளை விஞ்ஞானிகளைக் குறை சொல்வானேன்? அரியலூர் 2001-ம் ஆண்டில் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-ல் மீண்டும் பிரிந்தது!

மதுப் புட்டியின் பெயர்

தண்டின் கீழ்ப் பகுதியான முகுளத்தில் மூச்சுக்குத் தாளம் போடுகிற ஒரு சிறு கூட்டம் அணுக்கள் இருக்கின்றன. 1991-ம் ஆண்டில் எலியில் இதைக் கண்டு பிடித்தார்கள். இதன் பெயர் "முன் பாட்சிங்கர்" தொகுதி. யார் அந்தப் பாட்சிங்கர்? பெரிய டாக்டரா? இல்லை! ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டில், விருந்து மேஜையில் இருந்த மதுப் புட்டியின் பெயர் அது. பக்கத்தில் உள்ள பகுதிக்கு ஜாக் ஃபெல்ட்மன் என்ற விஞ்ஞானி அந்தப் பெயரை வைத்தார். மூச்சு அணுக்கள் அதற்குப் பக்கத்திலேயே இருந்ததால் அதே பெயரில் ஒட்டிக் கொண்டன.

பெயர் வேடிக்கை. வேலை வேடிக்கை அல்ல. இந்த அணுக்களுக்குப் பி பொருளைக் கேட்கும் காதும் உண்டு. அபினைக் கேட்கும் காதும் உண்டு. பி பொருள் வந்தால் தாளம் விரைகிறது. அபின் வந்தால் தாளம் தளர்கிறது. அளவுக்கு மீறி அபின் வகை மருந்து சாப்பிட்டவர்கள் ஏன் மூச்சு நின்று சாகிறார்கள் என்பதற்கு முக்கியமான காரணம் இங்கே இருக்கிறது. வலியை அடக்கும் மருந்தும், மூச்சை நிறுத்தும் விஷமும் ஒரே பொருள்தான். போய்ச் சேருகிற இடம் வேறு.

மனிதனிடம் இந்த அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதை ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர விஞ்ஞானிகள் 2011-ம் ஆண்டில் குறித்துக் காட்டினார்கள். அடையாளம் தெரியப் பி பொருளின் காதும் உதவியது.

வலிக்குச் செய்த மருந்து

இப்போது ஒரு தோல்விக் கதை.

பி பொருள் வலிச் சேதியைச் சுமக்கிறது. அப்படியானால் அதன் காதை அடைத்து விட்டால் வலி தெரியாது அல்லவா? மருந்துக் கம்பெனிகள் அப்படித்தான் எண்ணின. கோடிக் கணக்கில் பணம் போட்டுக் காதை அடைக்கும் மருந்துகளைச் செய்தார்கள். விலங்குகளிடம் வேலை செய்தது. 1990-களில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறையவில்லை!

கதை அதோடு முடிந்து இருக்க வேண்டும். ஆனால் பி பொருள் இன்னோர் இடத்திலும் அடர்ந்து இருப்பதை வரைபடங்கள் காட்டின. முகுளத்தின் பின் பக்கத்தில், குடலில் இருந்து வரும் நரம்புகள் இறங்குகிற இடம் அது. வாந்திக்கு உத்தரவு பிறக்கிற வட்டாரம்!

புற்று நோய்க்கு மருந்து ஏற்றிக் கொள்கிறவர்கள் படுகிற பாட்டை அந்தக் குடும்பங்கள் அறியும். ஊசி ஏறிய அன்று வாந்தி. மறு நாளும் வாந்தி. குடித்த கஞ்சி தங்காது. நோயைவிட மருந்து கொடுமை என்று பாதியில் சிகிச்சையை விட்டவர்களும் உண்டு. முதல் நாள் வாந்திக்கு மருந்து இருந்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வருகிற வாந்திதான் எளிதில் அடங்கவில்லை.

வலிக்கு உதவாத அந்த மருந்து இனம் இந்த வாந்தியை அடக்கியது! "அப்ரெபிடன்ட்" என்ற மாத்திரை 2003-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது இந்தியக் கம்பெனிகளும் அதைத் தயாரிக்கின்றன.

ஒற்றைத் தலைவலியின் கதையும் இதைப் போன்றதே. தலைக்குள் பாதி மட்டும் இடிக்கும். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. வெங்காய எரிச்சலைக் கொண்டு போகிற அதே நரம்பு இதிலும் சம்பந்தப்பட்டு இருக்கிறது. அந்த நரம்பு 37 மணிகள் கோத்த ஒரு பெப்டைடை வெளியே விடுகிறது. அதைத் தடுக்கும் மருந்துகள் 2018-ம் ஆண்டு முதல் வந்து இருக்கின்றன. இதற்கு வழி காட்டிய நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021-ம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் "மூளைப் பரிசு" கொடுத்தார்கள்.

தொட்டிலில் நின்ற மூச்சு

இரவில் பால் குடித்து நன்றாகத் தூங்கிய குழந்தை, காலையில் அசைவு அற்றுக் கிடக்கிறது. காய்ச்சல் இல்லை. காயம் இல்லை. தாய் தன்னைத் தானே நொந்து கொள்கிறாள். "எந்த நேரத்தில் கண் அயர்ந்தேனோ!" என்று ஆயுள் முழுவதும் அழுகிறாள்.

இப்படி மாண்ட சிசுக்களின் மூளைத் தண்டை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக் கழகத்தாரும் அமெரிக்க டாக்டர்களும் ஆராய்ந்தார்கள். முகுளத்தின் சில இடங்களில் பி பொருளின் காதுகள் மற்றக் குழந்தைகளிடம் இருப்பது போல இல்லை என்று 2017-ம் ஆண்டில் எழுதினார்கள். மூச்சுத் திணறும்போது ஆரோக்கியமான குழந்தை விழித்துத் தலையைத் திருப்பிக் கொள்ளும். அந்த உத்தரவு மூளைத் தண்டில் இருந்து வர வேண்டும். சில குழந்தைகளுக்கு அது வராமல் போய் இருக்கலாம். இன்னும் எல்லாமே தெரிந்து விடவில்லை.

ஆனால் ஒன்று உறுதியாகி இருக்கிறது. சிசுவைக் குப்புறப் போடாமல் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி 1990-களில் பல நாடுகள் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தன. அமெரிக்காவில் இந்த வகைச் சாவு பாதிக்கு மேல் குறைந்தது.

சென்னையின் "தரணி"

இந்தியாவில் இந்த வேலை நடக்கிறதா? நடக்கிறது.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எஸ்.கே. சங்கர் முயற்சியால் மனித மூளை வங்கி ஒன்று ஏற்பட்டது. இறந்தவர்களின் மூளையைக் குடும்பத்தார் தானமாகக் கொடுக்கிறார்கள். கண் தானம் தெரியும். மூளைத் தானம் பலருக்கும் தெரியாது. அங்கே ஒரு மூளைக் காட்சிச் சாலையும் உண்டு.

சென்னை ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் 2022-ம் ஆண்டில் தொடங்கியது. தலைவர் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். அங்கே முழு மூளையையே உறைய வைத்து, சீவி, ஒவ்வொரு சீவலையும் அணு அணுவாகப் படம் பிடிக்கிறார்கள். பிறகு எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் அடுக்கினால் மூளை திரும்பவும் முழு உருவத்தில் நிற்கிறது!

பிறக்காமலே போன 5 சிசுக்களின் மூளைகளை அவர்கள் இப்படிப் படம் பிடித்தார்கள். 14 வாரம் முதல் 24 வாரம் வரை தாயின் வயிற்றில் வளர்ந்த சிசுக்கள். மொத்தம் 5,132 சீவல்கள். சென்னை மெடிஸ்கேன் நிலையமும் சவீதா மருத்துவக் கல்லூரியும் துணை நின்றன. வயிற்றுப் பிள்ளையை இழந்த பெற்றோர் அந்த நேரத்திலும் சம்மதம் கொடுத்து இருக்கிறார்கள்.

2024-ம் ஆண்டு டிசம்பரில் வெளியான அந்தப் படத் தொகுப்புக்குத் "தரணி" என்று பெயர். அதில் மூளையின் 500-க்கு மேற்பட்ட பகுதிகளைக் குறித்து இருக்கிறார்கள்.

அது தெருவும் வீடும் காட்டுகிற படம். எந்த வீட்டில் எந்தப் பெப்டைடு குடி இருக்கிறது என்பதை அந்தப் படத்தின் மேல் இனி ஒவ்வொன்றாக எழுத வேண்டும். சிசுவின் மூளைத் தண்டில் மூச்சு அணுக்கள் எந்த வாரத்தில் எந்தக் காதைப் பெறுகின்றன என்று தெரிந்தால், குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கவனிக்கிற டாக்டர்களுக்குப் பெரிய உதவி.

தரணிப் படங்களைப் பார்க்கக் காசு வேண்டாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கலாம். அரியலூரில் 2022-ம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து இருக்கிறது. அங்கே படிக்கிற மாணவியும் இருந்த இடத்தில் இருந்தே, 17 வாரச் சிசுவின் முகுளத்தை அணு அணுவாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.